உன் சுண்டுவிரல் மை

வாயாடி அக்காவுக்கு, உன்னைவிடப் பெரிய வாயாடியான தம்பி எழுதுவது.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அம்மா நன்றாக இருக்கிறார், முட்டிவலி மட்டும் குறையவில்லை. நாங்கள் இன்னும் அதே தோட்டத்து லயத்தில், அதே அறையில்தான். நான் இப்போது பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முதலாளி ரஹீம் நானாவின் கடையில் வேலை செய்கிறேன். டெலிபோன் பேசலாம், போட்டோகொப்பி எடுக்கலாம், இரண்டு கம்ப்யூட்டரும் உண்டு. காலையில் பசறை ரோட்டு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தால், இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேருவேன்.

இந்த இன்டர்நெட்டை உனக்கு எப்படி விளக்குவது? கனடாவிலும் லண்டனிலும் மதுரையிலும் இருக்கிற தமிழர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தில் எழுதிச் சண்டை போடலாம். நம் லயத்துக் குழாயடி மாதிரிதான், குடம் மட்டும் இல்லை. நீ உயிரோடு இருந்திருந்தால் கருத்துக்களம் என்று சொல்கிற அந்த இடத்தில் என்னையும் சேர்த்து எல்லோரையும் ஓட ஓட விரட்டியிருப்பாய். அங்கே யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. நான் வைத்துக்கொண்ட பெயர் 'உரிமையற்றவன்'. சிரிக்காதே.

ஈராக்கில் சண்டை தொடங்கியிருக்கிறது. குவைத்துக்குப் பக்கம் என்பதால், அங்கே வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகளின் அம்மாமார் தினமும் கடைக்கு வருகிறார்கள். டெலிபோன் லைன் கிடைப்பது லேசில்லை. போன வாரம் லுணுகலையிலிருந்து ஓர் அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். நான் கம்ப்யூட்டரில் வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னா தம்பி எழுதுறீங்க?"

"சண்டையப் பத்திங்க."

"நிப்பாட்டச் சொல்லியா?"

"இல்லீங்க. யாரு பொறுப்புன்னு."

"அது ஓடியா போகப்போவுது? எம்புள்ளைக்கு ஒருக்கா லைன் போட்டுட்டுப் பொறகு எழுதுங்க" என்றார். நானா கல்லாவிலிருந்து சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது, அக்கா. எழுதிய வரியை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நல்லவேளையாக லைன் கிடைத்தது, அவருடைய பிள்ளையும் பேசினாள்.

நான் என்ன எழுதினேன் என்று கேட்பாய். சண்டைக்குப் படை அனுப்பிய பெரிய நாட்டின் ஜனாதிபதி மட்டும் பொறுப்பில்லை, வாக்குப் போட்டு அவரை உட்காரவைத்த ஒவ்வொருவரும் பொறுப்பு என்று எழுதினேன். சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு போகிற பெண்ணும் பொறுப்பு, எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது என்று கார் ஓட்டுகிறவனும் பொறுப்பு, அவர்கள் கையிலும் ரத்தம் இருக்கிறது என்றேன். பாராட்டு குவிந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நீ கேலியாகச் சொல்வாயே, அதை நான் நிஜமாகவே நம்பத் தொடங்கியிருந்தேன்.

அங்கே 'செம்மண்' என்ற பெயரில் ஒருவர் எழுதுவார். யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது கனடாவில் இருக்கிறார். சத்தம் போடாத மனிதர். அவர் என்னிடம் இப்படிக் கேட்டார்: "தம்பி, நீங்கள் சொல்லுறது சரியெண்டால், எங்கட ஊருக்கு மேல குண்டு போட்ட அரசாங்கத்துக்கு மலையகத்து ஆக்களும்தானே வோட்டுப் போட்டவை? நாங்கள் எல்லாத்தையும் விட்டிட்டு மழைக்குள்ள நடக்கேக்க எங்கட அம்மா றோட்டிலயே செத்துப்போனா. அதுக்கு நீங்களும் பொறுப்போ? நான் அப்பிடி நினைக்கேல்ல. அதாலதான் கேக்கிறன்."

அந்தக் கடைசி இரண்டு வரியை நான் அப்போது படிக்கவே இல்லை. என்னை மடக்கிவிட்டார் என்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. நானா கடையைச் சாத்தத் தயாராகிக்கொண்டிருந்தார். நான் அவசரமாக எழுதினேன்: "மலையகத்து ஆட்களான எங்களுக்கு வாக்குரிமையே கிடையாது ஐயா. பாட்டன் காலத்தில் பறித்தார்கள், இன்றுவரை தரவில்லை. என் அக்கா வாக்குச்சீட்டில் ஒரே ஒரு புள்ளடிகூடப் போடாமல்தான் செத்துப்போனாள்."

எழுதிவிட்டு அனுப்பினேன், அக்கா. அன்று பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது, ஜெயித்த சந்தோஷத்தில் வீடு வரைக்கும் வந்தேன்.

பறித்தார்கள் என்பது உண்மை. தரவில்லை என்பது பொய் என்று உனக்கு நான் சொல்லவேண்டுமா? தொண்ணூற்று நாலில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நீ முதல் புள்ளடி போட்டாய். அதற்கு முந்தின வாரம் முழுவதும் காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் புள்ளடி போட்டுப் பழகினாய். கட்டத்துக்கு வெளியே கோடு போனால் செல்லாமல் போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றைக்குத் தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாய். திரும்பி வந்து ரொட்டிக்கு மாவு பிசைந்தபோது, மை வைத்த சுண்டுவிரலை மட்டும் மேலே தூக்கியே வைத்திருந்தாய்.

"என்னாடீ, வெரல்ல காயமா?" என்று அம்மா கேட்டார்.

"மை அழிஞ்சிரும்மா" என்றாய்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிட்டபோதும் அந்த விரலைத் தூக்கித்தான் காட்டினாயாம். கங்காணியே சிரித்துவிட்டார் என்று சொன்னார்கள். சமாதானம் கொண்டுவருகிறோம் என்று சொன்ன கட்சி ஜெயித்தது. நீ லயம் முழுக்கப் போய், "நான் போட்டேன்ல, அதான் ஜெயிச்சாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். அந்த வருஷம் உன் தொல்லை தாங்கவில்லை.

அதற்கடுத்த வருஷம் சண்டை மறுபடியும் மூண்டது. யாழ்ப்பாணத்து ஜனங்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். நீ ரேடியோவை நிறுத்திவிட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாய். எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ ஒருத்தி போட்டதாலயா சண்டை வந்துச்சு? விடுக்கா" என்றேன்.

"ஜெயிச்சப்ப நான் போட்டதாலதான்னு ஊரெல்லாம் சொன்னேன்ல. இப்ப நான் இல்லன்னா எப்புடிடா?"

பெரிய நியாயஸ்தி வந்துவிட்டாள் என்று உன்னைக் கேலி செய்தேன். நீ கொள்ளிக்கட்டையை எடுத்துக்கொண்டு என்னைத் துரத்தினாய்.

உன்னைத் தெய்வமாக்கி எழுதவும் எனக்கு இஷ்டமில்லை. அடுத்த தேர்தலிலும் நீ அதே சின்னத்துக்குத்தான் புள்ளடி போட்டாய். அப்போது அந்தக் கட்சிக்காரர்கள் லயத்துக்குப் புதுக் கூரைத் தகடு தந்திருந்தார்கள். "ஒழுவாம தூங்கணும்டா, அம்மாவுக்கு இருமலு" என்றாய். நானும் அதற்கேதான் போட்டேன். சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது, நமக்குத் தெரியும். மலிவான எண்ணெய்க்காக வாயை மூடிக்கொண்டார்கள் என்று யாரையோ திட்டினேனே, நான் அந்தத் தகட்டுக்குக் கீழேதான் இன்றைக்கும் தூங்குகிறேன். இதை எழுதும்போது மழை பெய்கிறது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

நான் எழுதிய பொய்க்கு அடுத்த நாள் பதில் வந்திருந்தது. சண்டைக்குத் தயாராகத்தான் திறந்தேன். செம்மண் எழுதியிருந்தார்:

"ஐயோ தம்பி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இண்டைக்கும் வோட்டு இல்லையெண்டு எனக்குத் தெரியாமல் போச்சு. நாங்கள் உங்கட சனத்தைப் பற்றி ஒண்டும் தெரியாமலே இருந்திட்டம். உங்கட அக்காவுக்காக இண்டைக்கு ஒரு விளக்கு வைச்சனான். அவவின்ர படம் என்னட்ட இல்லை. எங்கட அம்மாவின்ர படத்துக்குப் பக்கத்தில வைச்சனான்."

ஒரு பெரியவர் போட்டோகொப்பி எடுக்க அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றார், அவரைக்கூட நான் கவனிக்கவில்லை. அம்மாவை றோட்டில் பறிகொடுத்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நீ எந்தச் சண்டையை நினைத்து அடுப்பு முன்னால் உட்கார்ந்தாயோ, அந்தச் சண்டையில் போனவரின் படத்துக்குப் பக்கத்தில் உனக்கு விளக்கு எரிகிறது. அந்த விளக்கை நீ ஏற்றுக்கொள்வாயா, அக்கா? என்னைக் கேட்டால், கூசுகிறது. உடம்பெல்லாம் கூசுகிறது.

நானாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, ஒரு விஷயத்தைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"அழிச்சுப்போடுங்களே தம்பி. அந்தப் பட்டன அமத்தினாச் சரிதானே. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

அமத்தலாம்தான். அவர் சொல்லும்போதே விரலைக் கொண்டுபோனேன். புள்ளடி போடப் பழகிய நாளில் நீயும் என்னிடம் இதையேதான் கேட்டாய். "தாளு பொட்டிக்குள்ள போனப் பொறகு யாரு போட்டதுன்னு தெரியுமாடா?" தெரியாது என்றேன். "எனக்குத் தெரியும்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பழகத் தொடங்கினாய். அன்றைக்கு அது எனக்கு வெறும் பெருமைப் பேச்சாகத்தான் பட்டது.

வாக்குப் போட்டவன் எவ்வளவுக்குப் பொறுப்பு? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீயும் நானும் போட்ட இரண்டு புள்ளடி அந்த அம்மாவை மழையில் நடக்கவைத்ததா? கூரைத் தகடு கிடைக்காமல் இருந்திருந்தால் வேறு சின்னத்துக்குப் போட்டிருப்போமா? அப்படி ஜெயித்தவர்கள் சண்டையை நிறுத்தியிருப்பார்களா? நான் ஒரு வரியில் தீர்ப்புச் சொன்ன கேள்வி இது. இப்போது ஒரு கடிதம் முழுக்க எழுதியும் பாதிதான் வந்திருக்கிறது.

அந்தப் பொய்யை நான் அழிக்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக, லுணுகலை அம்மாவைப் போல யாராவது காத்திருந்தால் அவர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்துவிட்டு, இந்தக் கடிதத்தை அப்படியே அந்தப் பொய்க்குக் கீழே போடப்போகிறேன். என் சொந்தப் பெயரில் போடுவேன். செம்மண் ஐயா, நீங்கள் இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்ளுங்கள்: என் அக்காவின் பெயர் செல்வராணி. அவள் வாக்குப் போட்டவள். நானும் போட்டவன். விளக்கை எடுத்துவிடுவதானால் எடுத்துவிடுங்கள்.

அவர் திட்டலாம். ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். எதுவானாலும் நான் பதில் எழுதமாட்டேன், அக்கா. பேச்சில் கடைசி வார்த்தையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவன் நான், அது உனக்குத்தான் நன்றாகத் தெரியும். இந்த ஒரு முறை அது அவருடையதாக இருக்கட்டும். இது உன்மேல் சத்தியம்.

நீ போட்ட புள்ளடியை இல்லை என்று சொன்ன,
உன் கூடப்பிறந்த தம்பி,
சிவகுமார்