மாத்திரைக்குக் கட்டிய காப்பு

டீச்சர்,

இன்று காலை பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வயிற்றோட்டம். அதன் அம்மா வாங்கி வந்த துத்தநாக மாத்திரையை ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்துக் காட்டினேன். விரலில் ஒட்டியதை நக்கிப் பார்த்தால், அடடா, அதே ருசி! உடனே உங்கள் முகம் வந்து நின்றது. அந்த மாத்திரை மலைக்குப் புதிதாக வந்தபோது, பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் நீங்களே ஒன்றை வாயில் போட்டுக்கொண்டீர்கள். கண்ணை இறுக்கி மூடி, "ஏனுங்க சிஸ்டர், ஆணியை அரைச்சு மாத்திரை பண்ணிட்டாங்களா?" என்றீர்கள். நர்ஸ் என்கிற என் கெத்தெல்லாம் போய், வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பாலவாடியைப் பூட்டிவிட்டு நீங்களும், மருந்துப் பையோடு நானும், மலைமேல் திண்ணனூர் நாட்டு ஊர்களுக்கு எத்தனை ஒற்றையடிப் பாதை ஏறியிருப்போம்! அதிகம் ஏறியது பாப்பாத்தியின் வீட்டுக்குத்தான். அவள் மகள் பூங்கொடிக்கு ஒன்றரை வயது, நிற்க வலுவில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசலில் ஒருமுறை பிழைப்பாள், மழை பிடித்தால் மறுபடியும் போகும். சோற்றைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முந்தைய பிள்ளையை இதே வயிற்றோட்டத்துக்குத்தான் பாப்பாத்தி பறிகொடுத்திருந்தாள். இவளையாவது காப்பாற்ற வேண்டுமே என்று நாம் இருவரும் தவித்த தவிப்பு நமக்குத்தான் தெரியும்.

மாத்திரையை இரண்டு வாரம் கொடுக்க வேண்டும். அவளோ, போக்கு நின்றதும் அட்டையைக் கூரையில் செருகிவிடுவாள். "நின்னு போச்சுங்களே, இன்னும் எதுக்குங்க மருந்து? இல்லாத சீக்கைக் கூப்புடறாப்பல ஆயிருமுங்க."

நான் விளக்கி விளக்கித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். நீங்கள் சத்தமில்லாமல் ஒரு நூலில் மஞ்சள் தடவினீர்கள். "கோயில் நோம்பி சாட்டிக் காப்புக் கட்டினா, அவுக்கறதுக்கு முந்திப் பாதியில நிறுத்துவியா கண்ணு?" பாப்பாத்தி பதறி, "ஐயோ, சாமி குத்தமுங்க!" என்றாள். "அப்ப இதுவும் காப்புத்தான். அட்டை தீந்த பொறவுதான் அவுக்கோணும்" என்று பூங்கொடியின் குச்சிக் கையில் கட்டிவிட்டீர்கள். இறங்கும்போது உங்களுக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

அடுத்த வாரம் எடை போடும் நாள். பாப்பாத்தி ஊருக்குப் பக்கத்து ஊரில் இருந்த உங்கள் பாலவாடிக்கு எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். பூங்கொடி வரவில்லை. கூப்பிட்டுக் கேட்கலாமென்றால் மலையில் எங்கே போன் எடுத்தது? உங்கள் முகம் வெளிறியது. தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினீர்கள். நான் மருந்துப் பையோடு பின்னாலேயே வந்தேன்.

மிளகுக்கொடி படர்ந்த மரங்களைத் தாண்டியதும் அழுகை கேட்டது. நான் பதறி ஓடப் பார்த்தேன். நீங்கள்தான் நின்று காது கொடுத்தீர்கள். "கேளுங்க சிஸ்டர்! இது நோவுக்கு அழுகறதில்லீங்க. பசிச்சு அழுகுது, பசிச்சு!"

உள்ளே போனால், காலிக் கிண்ணத்தைத் தரையில் தட்டித் தட்டி, இன்னும் சாமைச் சோறு வேண்டுமென்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள் பூங்கொடி. ஏன் வரவில்லை என்று கேட்டதற்குப் பாப்பாத்தி நம்மைத்தான் விநோதமாகப் பார்த்தாள். "காப்புக் கட்டிட்டு ஊரெல்லை தாண்டலாமுங்களா?"

நீங்கள் தொப்பென்று தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தீர்கள். அப்புறம் பலாமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டோம். போன தடவை எடையைத் தாண்டி முள் நகர்ந்திருந்தது! அந்தச் சந்தோஷத்துக்கு நடுவே ஒரு பெரியவர் வந்து, "என்ற ஆட்டுக்குட்டிக்கும் கழியுதுங்க டீச்சர், ஒரு காப்புக் கட்டுங்க" என்று நின்றாரே! அதற்கும் நீங்கள் சளைக்காமல் கட்டினீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய அன்று, துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தவள் பூங்கொடிதான். நன்றாக உயர்ந்து, வாட்டசாட்டமாக இருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டுதான் அழுது தீர்த்தேன்.

இப்போதும் தெருவில் எந்தப் பிள்ளையாவது சோற்றுக்குக் கத்தினால், பெற்றவள் பதறுகிறாள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன், டீச்சர். அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.