தேத்தண்ணிக்கு வழியில்லாத கடைவீதி

1964 மார்ச் 11, புதன்

பணத்தை மடியில் கட்டிக்கொண்டு மாத்தளைக்கு பஸ் ஏறிச் சலித்துத்தான், இரத்தோட்டைக்கு ஒரு பேங்க் கிளை கேட்டு வர்த்தகர் சங்கச் செயலாளராக எழுதிக்கொண்டே இருந்தேன். இன்று சொல்லாமல் கொள்ளாமல் கொழும்பிலிருந்து பேங்க் மேலதிகாரி ஒருவர் ஊர் பார்க்க வந்துவிட்டார். காரைக் கண்டதும் கடைவீதியே அவரை வருமான வரிக்காரர் என்று நினைத்துவிட்டது.

மிளகு மூட்டைகள் பின்னறைக்கு ஓடின. ஊரிலேயே பெரிய கடைக்காரரான ஹனீபா காக்கா கிழிந்த பெனியனோடு வந்து நின்றார்.

"யாவாரமே இல்ல சேர். தேத்தண்ணிக்கே வழியில்ல."

போதும், நிறுத்துங்கள் என்று நான் கண்ணால் ஜாடை காட்டினேன். இன்னும் அழச் சொல்கிறேன் என்று நினைத்துக் குரலை மேலும் இறக்கினார், பாவி மனுசர்.

போச்சு என்றிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரரான அந்த அதிகாரி காரில் ஏறும்போது சிரித்தார்.

"மிளகு மணம் மூக்கைத் துளைக்குது. ஒளிக்க இவ்வளவு இருக்கிற ஊரை நாங்கள் விடுவமே? கிளை வரும்."

ஓடிப்போய் ஹனீபா காக்காவிடம் சொன்னேன். தேத்தண்ணிக்கு வழியில்லாத அந்த மனுசர் சந்தோஷத்தில் கடைவீதிக்கே பால்தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். பிறகு என் காதோரம் குனிந்து கேட்டார்:

"பேங்குல போட்டா வரிக்காரனுக்குத் தெரியாதுதானே?"