ஐம்பது நிமிடத் தூரம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஏதோ இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் நலமாகத்தான் இருப்பீர்கள், நலமாக இருப்பவர்களுக்குத்தானே நேரமே கிடைக்காது.

போன வாரம் போனில் நீ சொன்ன பயணக் கணக்கை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வேலைக்குக் கிளம்பிய அன்று, ரெண்டு தீவுக்கும் நடுவுல வெறும் ஐம்பது நிமிஷம்மா, நீ உலை வச்சு இறக்கறதுக்குள்ள வந்து நிப்பேன் என்று வாய் கிழியப் பேசினாய். இப்போது என்னவென்றால், ஏர்போர்ட் போகவே ஒன்றரை மணியாம், அங்கே காத்திருப்பது தனியாம், காற்றடித்தால் விமானமே கிடையாதாம், வந்து போக ரெண்டு நாள் லீவு போயிடுமாம். போகும்போது ஐம்பது நிமிடம், வருவதற்கு இரண்டு நாளா? நடுவில் கிடந்த கடலை யாரப்பா பிடித்து இழுத்தது? உன் மாமனார் வீடு இதைவிடத் தூரம், இரண்டு விமானம் மாற வேண்டும், அங்கே போகும்போது மட்டும் காற்றே அடிப்பதில்லை.

உன் அப்பா உனக்கு மேல். கண்ணில் புரை முற்றிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடும் என்று டாக்டர் சத்தம் போட்டும், பையன் வரட்டும், அவன் பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும் என்று இரண்டு முறை ஆபரேஷன் தேதியை மாற்றிவிட்டார். உன் தீவு விமானம் வரும் நாளெல்லாம் சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு ஏர்போர்ட் வாசல் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார், சொல்லாம வந்து நிப்பான் பாரு என்று எனக்கே புத்தி சொல்கிறார். போன செவ்வாய்க்கிழமை உன் உயரத்தில் ஒருவர் வெளியே வர, அவர் பையைப் பிடுங்கிக்கொண்டு, இளைச்சுட்டியேடா என்று டாக்சியில் ஏற்றி வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். அந்த மனிதர் இங்கே லாட்ஜில் லிஃப்ட் பழுது பார்க்க வந்தவர். லாட்ஜ்ல அனுப்பின ஆளுன்னு நினைச்சு ஏறிட்டேன், பாதி வழியிலேயே புரிஞ்சுபோச்சும்மா, பெரியவர் மனசு கஷ்டப்படுமேன்னு சும்மா இருந்துட்டேன் என்று வாசலில் என்னிடம் மெல்லச் சொன்னார். எனக்கு வந்த வெட்கமும் வயிற்றெரிச்சலும் கொஞ்சநஞ்சமல்ல. அவரைச் சாப்பிட வைத்துவிட்டு அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன், போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மறுநாள் லிஃப்ட்காரர்தான் வேலை முடிந்ததும் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசி, டாக்டரிடம் அழைத்துப் போய், வருகிற புதன்கிழமை ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ள வைத்தார். அன்னிக்கு நான் வந்துடறேன் ஐயா என்று வாக்கும் கொடுத்திருக்கிறார். விசாரித்தால் உன் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறாராம், அவருக்கும் அதே ஏர்போர்ட், அதே காற்று.

மருமகளைக் கேட்டதாகச் சொல். வேலை வேலை என்று வெறும் வயிற்றோடு படுக்காதே. எனக்குக் கோபம் உண்டே தவிர சாபம் கிடையாது, இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். வியாழக்கிழமை காலை அப்பாவின் கண்கட்டை அவிழ்க்கிறார்கள். இத்தனை நாள் எதிரே வருகிறவனையெல்லாம் நீ என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார், இனிமேல் அவருக்கு அந்த வசதியும் இருக்காது, அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

கோபம் தீராத ஆசிகளுடன்,
உன் அம்மா