ஞாயிறு மூன்று மணி ஆம்புலன்ஸ்

இன்று மூன்று மணிக்கு மறுபடியும் அந்தச் சைரன் கேட்டது. சாலையில் ஏதோ வண்டி போகிறது என்றுதான் நினைத்தேன். கூடத்துக்கு வந்து பார்த்தால் நம் டிவியில்தான். நீங்கள் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்த அந்த அமெரிக்கத் தொடரை முதலிலிருந்து போடுகிறார்களாம். தொடங்கி மூன்று மாதம் ஆகிறதாம். வீட்டு வேலைக்கு வரும் தனம், தரையைத் துடைத்தபடியே சேனலை மாற்றியிருந்தாள். "இருக்கட்டும்மா, வண்டி என்னா வேகமா போவுது பாருங்க," என்றாள். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தவள் அங்கேயே நின்றுவிட்டேன்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை, உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பெரிய நகரம். அங்கே தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ்காரர்கள். எங்காவது பற்றி எரியும், யாராவது மாடியிலிருந்து விழுவார்கள், மணி அடித்ததும் இவர்கள் ஓடுவார்கள். சுனாமி அலை வந்துபோன அடுத்த வருஷம் அது. காற்றில் கதவு அடித்தால்கூடத் துள்ளி எழுந்துகொண்டிருந்தீர்கள். அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தீர்கள்.

"கூப்ட்ட ஒடனே வர்றானுங்க பாரு. நம்ம ஊருக்கு வண்டி வர்றதுக்குள்ள பதினாறாம் நாள் சாப்பாடே முடிஞ்சிருக்கும்," என்பீர்கள்.

உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கு அதைத் தவிர வேறு பெருமை கிடையாது. "கான்வென்ட்டு, என்னா சொல்றான்?" என்று கேட்பீர்கள். கல்யாணமான மறுநாள் நீங்கள் வைத்த பெயர் அது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து வரிக்கு வரி சொல்வேன். எதையும் சேர்க்காதே, எதையும் விடாதே என்று பள்ளியில் சிஸ்டர் பழக்கிய பழக்கம். ஒருமுறை இரண்டு ஓட்டுநர்கள் சண்டை போடும் காட்சியை நான் சொல்லி முடித்ததும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அவனுங்க அடிச்சிக்கிறானுங்க. நீ என்னடான்னா கும்பாபிஷேகப் பத்திரிகை படிக்கிற மாரி சொல்ற!" எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு அதில் இன்னும் கொண்டாட்டம்.

அப்படிப்பட்ட நான் இரண்டு முறை மாற்றிச் சொன்னேன்.

முதல் முறை புதுச்சேரியில். உங்களைக் காட்டப் போன இதய டாக்டர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாதவர். உங்களை எதிரே வைத்துக்கொண்டே என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். இதயம் மிகவும் பலவீனமாக இருக்கிறது; மார்பிலோ இடது கையிலோ வலி வந்தால் எந்த வேலையையும் போட்டுவிட்டு உடனே கொண்டுவர வேண்டும்; தாமதித்தால் தன் கையில் எதுவும் இருக்காது என்றார். "என்னாவாம்?" என்றீர்கள்.

"உப்பைக் குறைக்கணுமாம்."

"உப்பு விக்கிறவன்கிட்டயா!" என்று சிரித்தீர்கள். நீங்கள் சிரிப்பதைப் பார்த்து டாக்டரும் சிரித்தார்.

கதவுச் சத்தத்துக்கே நடுங்குகிறவரிடம் இதைச் சொல்வதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வலி வந்தால் என்னிடம்தானே முதலில் சொல்வீர்கள், நான் பார்த்துக்கொள்வேன் என்ற கர்வமும் இருந்தது.

இரண்டாவது முறை, அதற்கு அடுத்த ஞாயிறு. தொடரில் பருமனான ஒரு மனிதர் சாலையோரத்தில் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நீங்கள் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தினீர்கள். வண்டி வந்தது. ஊசி போட்டார்கள், நெஞ்சை அழுத்தினார்கள், எதற்கும் அவர் அசையவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னார். துணியை முகம்வரை இழுத்துப் போர்த்தினார்கள். நீங்கள் திரையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"பொழச்சிட்டானா?"

"ம். ஊசி போட்டதுல தூங்கறாராம். எழுந்துருவாராம்."

"சரி," என்றீர்கள்.

ஐந்தே நாள். காலையில் உப்பளத்துக்குப் போனீர்கள். லாரியில் உப்பு ஏறிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு மேல் கார் வாசலுக்கு வந்தபோது பின்சீட்டில் சாய்ந்திருந்தீர்கள். சட்டை முழுக்க வேர்வை. ஏறி உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். புதுச்சேரி போகும் வழியில் அனுமந்தை தாண்டும்போது "இன்னும் எவ்ளோ தூரம்?" என்றீர்கள். "வந்தாச்சுங்க," என்றேன். வரவில்லை. குயிலாப்பாளையம் திருப்பத்துக்கு முன்பே உங்கள் கை என் கையை விட்டுவிட்டது.

பதினாறாம் நாள், எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு அளத்து மேஸ்திரி என் எதிரே வந்து கைகட்டி நின்றார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தார், பாவம்.

"கடைசி வரைக்கும் அய்யாவுக்கு பயமே இல்லீங்கம்மா. எட்டு மணிக்கே வரப்புல குந்திக்கினு எடது கைய நீவினே இருந்தாரு. காரு கூப்பிடட்டுங்களான்னேன். டேய், டிவில ஒருத்தனுக்கு இதே மாரிதான் வந்துச்சு, ஊசி போட்டாங்க, பொழச்சிட்டான், அம்மாவே சொன்னா, லோடு ஏறட்டும் போலாம்னாரு. நீங்க சொன்னா அது அவருக்கு வேதங்கம்மா."

எட்டு மணி. லோடு ஏறி முடிய இரண்டு மணி நேரம். அன்றிலிருந்து என் காலை நேரம் எட்டுக்கும் பத்துக்கும் நடுவிலேயே நிற்கிறது. கொன்றது நான்தான் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. யாராவது "நல்ல சாவும்மா, படுக்கையில கெடக்காம போயிட்டாரு," என்றால் தலையை ஆட்டிக்கொள்கிறேன்.

அந்தத் தொடரும் சில வாரங்களில் நின்றுபோயிற்று. கேபிள்காரரிடம் கேட்டதற்கு, "அமெரிக்காவுலயே யாரும் பாக்கலியாம்மா, பாதில நிறுத்திட்டான்," என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. திரும்ப வரும் என்று நினைக்கவில்லை.

இன்று வந்தது அதே வாரக் கதை. அதே பருமனான மனிதர், அதே சாலையோரம். தனம் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் உங்கள் நாற்காலியின் பின்னால் நின்றேன். ஊசி, நெஞ்சு, கடிகாரம், துணி. தனம் என் பக்கம் திரும்பினாள்.

"என்னாம்மா சொல்றான் அந்த டாக்டரு? பொழச்சிப்பானா?"

"இல்ல தனம். செத்துட்டார்."

"அது துணியப் போத்தும்போதே தெரிஞ்சிது. அதுக்கு இங்கிலீசு வேணுமா?" என்றாள். "நீங்க மூஞ்ச ஒரு மாரி வச்சிக்கினு நின்னீங்களே, என்னா சொல்றீங்கன்னுதான் கேட்டேன்." வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

நான் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன்.

பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவர், நாற்பது வருஷம் அளத்தை நடத்தியவர், எத்தனையோ சாவுக்குத் தோள் கொடுத்தவர் நீங்கள். முகத்தை மூடினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் என் பக்கம் திரும்பி ஏன் கேட்டீர்கள்? டாக்டர் அறையில் நான் விழுங்கியதை அப்போதே கண்டுகொண்டீர்களா? இப்போதாவது சொல்லுவாளா என்று பார்த்தீர்களா? நீங்கள் கேட்டது அந்த மனிதரைப் பற்றியே இல்லையா?

நம்பித்தான் வரப்பில் உட்கார்ந்திருந்தீர்கள் என்றால், உங்களைக் கொன்றவள் நான். நம்பவில்லை என்றால், அந்த ஐந்து நாளும் என் பக்கத்திலேயே தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறீர்கள். என் பொய் குலையக்கூடாது என்று மேஸ்திரியிடமும் அதையே சொல்லியிருக்கிறீர்கள். இந்த இரண்டில் எதை வேண்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"சரி," என்றீர்களே. என் முகத்தைப் பார்த்தபடி, கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாகச் சொன்னீர்கள். அதன் பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள். எதற்காக என்று அன்று நான் கேட்கவில்லை.