நான் துடைத்த தகடு

செம்பூர்,
அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை

சௌபாக்கியவதி ஸ்ரீலேகாவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. எடின்பரோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் சௌக்கியம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றேனே, அது பொய். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வேறு என்ன சொல்ல. தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்க உனக்கு நேரம் பிடிக்கும் என்று தெரியும், அவசரப்படாமல் படி. அப்பா தனக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை மூளை டாக்டரிடம் காட்டப் போகிறார். சனிக்கிழமை நம் காரை வாங்கிக்கொண்டு போக பாண்டுப்பிலிருந்து ஒருவர் வருகிறார். இரண்டுக்கும் காரணம் நான்தான், அது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்வதா, சொல்வதென்றால் யாரிடம் முதலில் சொல்வது, எந்த வாயால் சொல்வது என்று ஒரு வாரமாக ஒன்றும் புரியாமல் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். ரிட்டையர் ஆனதும் அப்பா நம் பழைய சின்னக் காரைத் தானே ரிப்பேர் செய்ய ஆரம்பித்ததும், நாலாவது மாடி ஜம்பு மாமா அதில் கூட்டுச் சேர்ந்ததும் உனக்குத் தெரியும். ரேஸ் வந்தது நீ அங்கே போன பிறகு. வாரத்தில் ஆறு நாள் அந்தக் கார் என் முறுக்கு, தட்டை டின்களை மாதுங்காவுக்கும் நெருளுக்கும் கொண்டு போகும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ரேஸுக்குப் போகும், திங்கட்கிழமை மறுபடி சீட்டை மாட்டி டின்களை ஏற்றுவார்கள். பன்வேல் தாண்டி ஒரு பொட்டல் மைதானத்தில் நடக்கிறது. ஒரு தடவை நானும் புளியஞ்சாதம் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ரேஸ் என்றால் ஒருத்தரை ஒருத்தர் துரத்த வேண்டாமா, அங்கே ஒவ்வொரு வண்டியாகத் தனியாக விட்டு, நட்டு வைத்த ஆரஞ்சுக் கூம்புகளைச் சுற்றி வரச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். யாரை ஜெயிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பதினாலு பேரில் பதினொன்றாவதாக வந்ததற்கு அப்பா மாதுங்காவிலிருந்து ஜாங்கிரி வாங்கி வந்து கட்டடம் முழுக்கக் கொடுத்தார். எடை குறைய வேண்டும் என்று சீட்டு, ஸ்டெப்னி, கதவின் உள் அட்டை எல்லாவற்றையும் கழற்றுவார்கள், கழற்றிவிட்டு தொண்ணூறு கிலோ ஜம்பு மாமாவை உள்ளே உட்கார வைப்பார்கள். ஏன் என்று கேட்டால் அப்பா சிரிப்பார். என் இட்லிப் பாத்திரத்தில் பேரிங்கைப் போட்டுக் கொதிக்க வைத்ததைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை, வேறு பாத்திரம் வாங்கிக்கொண்டேன்.

சைலன்சரையும் கழற்றிவிட்ட வண்டியை ரோட்டில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் என்று காசிமின் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போவார்கள். காசிம் தாராவியில் இருக்கிறவன், திருநெல்வேலிக்காரன், தன் டெம்போவுக்குத் தானே எல்லா வேலையும் செய்துகொள்வான், அதனால் இவர்கள் இரண்டு பேருக்கும் அவன்மேல் ஒரு மரியாதை. ஜம்பு மாமா ஓட்டுவார், அப்பா வண்டியைத் தயார் செய்வார், காசிம் கூட இருப்பான், இதுதான் ஏற்பாடு. அப்பா தயார் செய்த வண்டி என்றால் ஜம்பு மாமா ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்துவிடுவார், அப்படி ஒரு நம்பிக்கை.

இந்த மாதம் ரேஸ் ஐந்தாம் தேதி. அதற்கு முந்தின புதன்கிழமை சரஸ்வதி பூஜை. அப்பா செவ்வாய்க்கிழமையே காம்பவுண்டில் காரின் இடது முன்சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கி மேல் நிறுத்தி, பிரேக்குக்குப் புது பேட் மாட்ட ஆரம்பித்துவிட்டார். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், பூஜையில் வைத்த புத்தகத்தையும் ஆயுதத்தையும் விஜயதசமி காலையில் மறுபடி பூஜை செய்து எடுக்கும் வரை தொடக் கூடாது. ஒரு முழு நாள் வீணாகிறதே என்று முனகினார், நான் விடவில்லை. ஸ்பானர் பெட்டியை மேலே வாங்கி வந்து சரஸ்வதி முன்னால் வைத்தேன். அரிவாள்மணை, சேவை நாழி, முறுக்கு அச்சு, தோசைக்கல் எல்லாவற்றையும் தேய்த்து, நல்லெண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டேன். காரை மாடிக்குக் கொண்டு வர முடியாதே, அதனால் பூஜைத் தட்டை எடுத்துக்கொண்டு நானே கீழே போனேன். அப்பா அப்போது குளித்துக்கொண்டிருந்தார். சக்கரம் கழற்றின இடத்தில் வட்டமாக ஒரு தகடு, அசல் நம் தோசைக்கல் மாதிரியே, ராத்திரி மழைச் சாரல் பட்டு லேசாகத் துரு ஏறியிருந்தது. இரும்பைக் காய விடக் கூடாது என்று எத்தனை வருஷப் பழக்கம். கையில் அந்த எண்ணெய்த் துணி இருந்தது. முன்பக்கம், பின்பக்கம், அதைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கு எல்லாம் விரலை விட்டுத் துருவைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினேன், பொட்டு வைத்தேன், கற்பூரம் காட்டினேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று மேலே வந்துவிட்டேன். நான் வைத்த பொட்டை அப்பா மறுநாள் பார்த்தார், பார்த்துச் சிரித்து அழித்துவிட்டுத்தான் சக்கரத்தை மாட்டினார். எண்ணெய்த் துணி போட்டது அவருக்குத் தெரியாது.

ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, முதல் சுற்றில் மெதுவாகப் போனபோது ஒன்றும் இல்லையாம். இரண்டாவது சுற்றில் வேகமாக வந்து வளைவில் ஜம்பு மாமா பிரேக்கை அழுத்தினதும் வண்டி நிற்காமல் வலது பக்கம் இழுத்துக்கொண்டு போய், அடுக்கி வைத்திருந்த டயர்களில் மோதிவிட்டது. வண்டிக்கு பம்பர் நசுங்கினதோடு சரி, ஜம்பு மாமாவுக்குத்தான் வலது தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை, கையைக் கழுத்திலிருந்து தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிட்டு, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா உத்தரவு, நீ பயந்துவிடுவாயாம்.

போன செவ்வாய்க்கிழமை அப்பாவும் காசிமும் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். நான் காபி கொண்டு போனேன். பேடைக் கையில் வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு காசிம், "அண்ணே, இது கிரீஸ் மாதிரி இல்லல்லா, வேற ஏதோ எண்ணெல்லா இருக்கு" என்றான். அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை. "புது பேடை எண்ணெய்க் கையோட மாட்டியிருக்கேன் காசிம், கையைத் துடைச்சுக்கணும்னு தோணலை பாரு, முதல் பாடமே அதுதான்" என்று சொல்லிவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அந்தத் துணியும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காசிம் என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்ததா, சும்மா பார்த்தானா, அதுவும் தெரியவில்லை.

அன்றையிலிருந்து அப்பா வேறு மனுஷர். போன மாதம் கண்ணாடியைத் தேடினது, கேஸை அணைக்காமல் வந்தது, லிஃப்ட்டில் மாடி நம்பரை மாற்றி அழுத்தினது எல்லாவற்றையும் ஒன்றாகக் கோர்த்துக்கொண்டார். இதெல்லாம் நானும்தான் செய்கிறேன், யார்தான் செய்யவில்லை. ஒரு சின்ன நோட்டு வாங்கி, மாத்திரை, கதவு, கேஸ் என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் டிக் போடுகிறார். காரைத் தொடுவதில்லை. தீபாவளி ஆர்டரை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு நெருளுக்குப் போனார், வேறு பேட் மாட்டி நீங்களே ஓட்டுங்களேன் என்றதற்கு, "ருக்கு, என் கையை இனிமே நான் நம்பறதுக்கில்லை" என்றார். ஆடுகிற ஃபேன் ரெகுலேட்டரைக்கூட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போடச் சொல்கிறார். முப்பத்தாறு வருஷத்தில் இந்த வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் வந்தது இதுதான் முதல் தடவை.

தினமும் ஜம்பு மாமாவுக்கு ரசம் கொண்டு போகிறேன். அவர் பழையபடிதான் பேசுகிறார், அடுத்த ரேஸ் ஜனவரியில் என்கிறார். அவராத்து ரஞ்சனா மாமிதான் முகம் கொடுப்பதில்லை. முந்தாநாள் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "உங்காத்து மாமா மாட்டின பிரேக்குன்னு இவர் கண்ணை மூடிண்டு ஏறினார், அவ்வளவுதான் நான் சொல்வேன்" என்று கதவைச் சாத்திவிட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சொல் என்மேல் விழ வேண்டியது, அப்பாவின் மேல் விழுந்தது, நான் ரசப் பாத்திரத்தோடு லிஃப்ட்டுக்காக நின்றேன். வெட்கமாக இருந்தது லேகா.

இன்னொன்றும் இருக்கிறது, இதை எழுதாவிட்டால் எழுதினதே பிரயோஜனம் இல்லை. அன்று கற்பூரம் காட்டும்போது நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா. அம்மா தாயே, இந்த வருஷத்தோடு இந்த ரேஸ் பைத்தியம் தீர வேண்டும், இவர் வீட்டில் உட்கார வேண்டும் என்று. தீர்ந்துவிட்டது. வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். அம்பாளைச் சொல்வதா, என் கையைச் சொல்வதா, இரண்டும் ஒன்றுதானா என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. பக்தியாகச் செய்த காரியத்துக்குப் பாவம் உண்டா. தெரியாமல் செய்ததற்கு இல்லை என்றே வைத்துக்கொள், தெரிந்த பிறகு ஏழு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு என்ன பெயர். முதல் இரண்டு நாள் பயம். மூன்றாம் நாள், கார் போனால் போகட்டும், ரேஸ் ஒழிந்தது என்று மனசின் ஒரு மூலையில் சந்தோஷமாகக்கூட இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். நேற்று அந்த நோட்டைத் திறந்து பார்த்தேன். டிக் எல்லாவற்றுக்கும் கீழே, ‘வெள்ளி டாக்டர், லேகாவிடம் சொல்ல வேண்டாம், ருக்கு தனியாகச் சமாளிப்பாளா?’ என்று எழுதியிருக்கிறார்.

சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. ஆனால் எதிரே போய் நின்றால் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. இரண்டு தடவை போனேன், ஒரு தடவை உப்பு வாங்கி வரச் சொன்னேன், ஒரு தடவை மழை வரும் போலிருக்கிறது என்றேன். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது தீபாவளியே முடிந்திருக்கும், வெள்ளிக்கிழமைக்கு நீ சொல்லும் யோசனை வந்து சேராது, அது எனக்குத் தெரியாமல் இல்லை. நான் உனக்கு எழுதுகிற கடிதங்களை மேல்விலாசம் எழுதி, ஒட்டி, தபாலில் சேர்ப்பது அப்பாதானே. ஒட்டுவதற்கு முன்னால் ஒரு வரி விடாமல் படிப்பார், படிக்கவில்லை என்பார். அவர் படித்துவிடுவாரே என்று எத்தனையோ சங்கதிகளை உனக்கு எழுதாமல் விட்டிருக்கிறேன். இந்தத் தடவை கவரை ஒட்டாமல் அவர் நோட்டுக்கு மேலேயே வைக்கப் போகிறேன்.

தீபாவளி தாண்டித்தான் இது வரும் என்றாலும் சொல்கிறேன், ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக் குளி, அங்கே குளிர் என்று சாக்குச் சொல்லாதே, வெந்நீர் இருக்கிறது. லேகியம் மாப்பிள்ளைக்கும் கொடு. தலைக்குக் குல்லாய் இல்லாமல் வெளியே போகாதே. ஜம்பு மாமாவுக்கு ஒரு போன் போட்டு உடம்பை விசாரி, அப்பா சொல்ல வேண்டாம் என்றது இனி செல்லாது. ரஞ்சனா மாமியிடம் நானே போய்ச் சொல்கிறேன், அவள் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். தீர்க்காயுசாக, இரண்டு பேரும் ஒற்றுமையாக, மனசில் ஒன்றையும் வைத்துப் பூட்டிக்கொள்ளாமல் இருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு, உன் அம்மா
ருக்கு

பி.கு. இது லேகாவுக்கு இல்லை, ஒட்டுவதற்கு முன்னால் படிக்கிறவருக்கு. அந்த எண்ணெய் உங்கள் கையில் இருந்தது இல்லை, என் துணியில் இருந்தது. உங்கள் கைக்கும் ஞாபகத்துக்கும் ஒரு குறையும் இல்லை. நான் சமையலறையில்தான் இருக்கிறேன், கூப்பிட்டால் வருகிறேன். வரும்போது ஸ்பானர் பெட்டியையும் எடுத்து வரவா?