பஞ்சு அடைத்த டப்பா

இன்று காலை டப்பாவைத் திறந்தபோது சத்துமாவு வாசனை வந்தது. அதில் மாவு போட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. வறுத்த கம்பும் ஏலக்காயும் தகரத்தில் அப்படி ஊறிப்போயிருக்கின்றன. அடியில் நீ அடைத்த பஞ்சு கொஞ்சம் மஞ்சளாகி இன்னும் இருந்தது. நீ போனபின் உன் மகள் இதை என் கையில் கொடுத்து, "உம்மா ஒங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாவ" என்றாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஒரே பயிற்சி வகுப்பில் படித்து ஒரே வேலைக்கு வந்தோம். காசநோயைப் பற்றித் தெருத்தெருவாகப் பேசுவதுதான் வேலை. உன் தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். இருமல் என்றால் எல்லோருக்கும் ஒரே பதில், "தூளு ஏறியிருக்கும்." சளியைப் பரிசோதித்து நோய் உறுதியான பிறகும், சுகாதார நிலையத்து மாத்திரை அட்டையோடு வீட்டு வாசலில் நின்றால் கதவைச் சாத்துவார்கள். கல்யாணமாகாத பெண் இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம். அதனால் நீ சத்துமாவு டப்பாவில் அட்டைகளை வைத்து, நடக்கும்போது கலகலக்காமல் இருக்கப் பஞ்சை அடைத்துக்கொண்டு போனாய். "மாவு கொண்டாந்திருக்கேன் மாமி" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவாய். நீ அப்படிக் குணமாக்கியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாது.

இதைப் பற்றி நாம் ஓயாமல் சண்டை போட்டோம். ஒருநாள் ஆற்றுப் பாலத்தில் பேருந்து பழுதாகி நின்றபோது நான் கேட்டேன்: "பொழச்சவளையெல்லாம் நீ ஒளிச்சு வச்சிட்டா, தெருவுக்குச் செத்தவள மட்டுந்தான் தெரியும். பொறவு எவ நம்புவா?"

"மொதல்ல மாத்திரையத் தின்னட்டும். பொறவு பைய நம்பட்டும். ஒனக்கு எல்லாத்தையும் பாடப் புஸ்தகத்துல இருக்கமாதிரியே செய்யணும், ஏளா" என்று சிரித்தாய்.

பாடப் புத்தகத்தில் இருந்தது உண்மைதான். தன்னைப் போன்ற ஒருத்தி நோயிலிருந்து மீண்டதைக் கண்ணால் பார்க்கிறவள்தான் தானும் முயல்வாள் என்று எழுதியிருந்தார்கள். நான் எதையும் சுலபமாக நம்புகிறவள் இல்லை. இதை மட்டும் நம்பினேன். ஆனால் உன் தெருவில் என் நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஒருத்தியைக்கூட மாத்திரை விழுங்க வைக்க முடியவில்லை. உன் டப்பா விழுங்க வைத்தது.

பிறகு உனக்கே அந்த இருமல் வந்தது. அதே டப்பாவிலிருந்து நீயும் விழுங்கினாய். மகள் கல்யாணம் நெருங்கியபோது நிறுத்தினாய். மாத்திரை போட்டால் குமட்டுகிறது, கல்யாண வீட்டில் பெண்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றாய். இருமலும் நின்றுபோயிருந்ததால் உனக்கு அது ஒரு சாக்காயிற்று. பாதியில் நிறுத்தாதீர்கள் என்று நாமிருவரும் சொல்லாத தெரு இல்லை. எவ்வளவு சொல்லியும் நீ கேட்கவில்லை. நோய் திரும்பி வந்தபோது பழைய மாத்திரைக்கு அது அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "நெஞ்சு வலின்னே சொல்லு. அவ மாமியா வீட்டுக்குத் தெரிஞ்சா என் புள்ளய நிம்மதியா இருக்க விடமாட்டாவ." இன்றுவரை நெஞ்சு வலி என்றுதான் சொல்கிறேன்.

போன மாதம் உன் தெருவில் கூட்டம் போட்டேன். பாடம் சொல்கிறவள் என்பதால் அவர்களுக்கு நான் டீச்சர். தட்டை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றியபடியே கேட்டார்கள். காசநோய் குணமாகும் என்றேன்.

"பொழச்சவ ஒருத்தியக் காட்டுங்க டீச்சர், நம்புதோம்" என்றாள் மூலைவீட்டு மாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

"டீச்சர் எங்கன போயிக் காட்டுவா? கபர்ஸ்தானுக்குத்தான் கூட்டிட்டுப் போவணும்" என்றாள் இன்னொருத்தி. இன்னும் பெரிய சிரிப்பு.

மூலைவீட்டு மாமியை உனக்கு நினைவிருக்கும். அவளுக்கு முழுசாக ஆறு மாதம் மாவு கொண்டு போனவள் நீ. அவள் பக்கத்தில் குனிந்து இலை வெட்டிக்கொண்டிருந்தவளும், வாசற்படியில் உட்கார்ந்திருந்தவளும் உன் டப்பாவில் பிழைத்தவர்கள். அவர்களும் சிரித்தார்கள். வாயைத் திறந்தால் அவர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உன்னை. இருமல் வந்தால் மறைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். அதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமில்லாதவள் அங்கே யாருமில்லை.

அந்தத் தெருவில்தான் ரிஸ்வானா இருக்கிறாள். நிச்சயம் ஆன பெண். மாப்பிள்ளை துபாயில். நோய் என்று தெரிந்ததும் அவள் உம்மா வைத்த ஒரே நிபந்தனை, "அந்த லாத்தா கொண்டு வாறமாதிரி கொண்டு வாங்க." அக்கா முறை வைத்து உன்னைத்தான் சொன்னாள்; டப்பா விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருடம் உன்னோடு சண்டை போட்டவள், அலமாரியிலிருந்து உன் டப்பாவை எடுத்தேன். அட்டையைக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், விழுங்குவதைப் பார்ப்பதற்காக அன்றாடம் நானே போகிறேன்.

இன்று காலை அவள் கையை நீட்டவில்லை.

"இருமல் நின்னுட்டு டீச்சர். போதும். மாத்திரை போட்டா ஒரே கொமட்டலா இருக்கு. வளையல் போட அவிய வீட்டுலேருந்து வாறாவ. அவிய முன்னால வாந்தி எடுத்தா என்ன நெனப்பாவ?"

அந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். குமட்டலுக்கு டாக்டரிடம் கேட்டு வழி செய்யலாம் என்றேன். நோய் திரும்பினால் எப்படி இருக்கும் என்றேன். கூட்டத்தில் சொல்வது போலவே இருந்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அசைக்கக்கூடிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

பிறகு அவளாகவே டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். "அந்த லாத்தா எதுல மௌத்தானாவ டீச்சர்?"

"நெஞ்சு வலி."

என் முகத்தையே பார்த்தாள். "அவியளும் பாதியில நிறுத்துனாவளா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர்த் தம்ளரை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள். மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

வாக்கைக் காப்பாற்றினேனா, மீறினேனா என்று தெரியவில்லை. நாளைக்கும் போக வேண்டும், அதற்கு மறுநாளும். அவள் முடித்துவிட்டால் அவளையும் மற்றவர்களோடு சேர்த்து ஒளித்து வைக்க வேண்டும்.

திரும்பும்போது அவர்கள் வீட்டு நடையிலேயே டப்பாவைத் திறந்து பஞ்சை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மிச்ச அட்டைகள் தகரத்தில் மோதிக் கலகலவென்று சத்தம் போட்டன. மாவு டப்பாவில் அப்படிச் சத்தம் வராது. நான் மெதுவாகவே நடந்தேன். மூலைவீட்டு மாமி வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு கணம் நின்றது. தலையை நிமிர்த்தவில்லை.

பஞ்சு இன்னும் என் பையில்தான் இருக்கிறது.