ஒரிஜினல்னே வெச்சுக்கோங்க

3-1-94, திங்கள்
பள்ளிக்கூடம் விட்டு வரும்போது லட்சுமி மில் சிக்னலில் ஃபியட் பொங்கிவிட்டது. பானட்டைச் சுற்றிலும் ஆவி. "பொங்கலுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்குதுங்களே" என்று பக்கத்து ஆட்டோக்காரருக்குச் சிரிப்பு. எனக்கோ அழுகையே வந்துவிட்டது.

மெக்கானிக் ரசாக் வந்து பார்த்தார். "தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சுங்கக்கா. இஞ்சின் சூடானா இது தொறந்து தண்ணிய ரேடியேட்டருக்கு உடோணும். தொறக்க மாட்டேங்குது." கழற்றித் தூரப் போட்டுவிட்டார். "நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குங்க? இல்லாமயே ஓட்டுங்க." ஊரில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறதாம்.

5-1-94
என் வண்டி அப்படி ஓடவில்லை. மார்கழிக் குளிரில் இஞ்சின் சூடே ஏறமாட்டேன் என்கிறது. உஷ்ண முள் அடியிலேயே படுத்திருக்கிறது. பீளமேடு வரை சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இருமிக்கொண்டே போனோம் நானும் அதுவும். பெட்ரோல் வேறு மடமடவென்று குடிக்கிறது.

இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி என் வீட்டுக்காரர் சாப்பாட்டின்போது ஆரம்பித்தார். "வித்துப்போட்டு மாருதி வாங்கிக்கலாம். டிரைவர் போட்டுக்கலாம்." சோமனூரில் தறி ஓட்டும் அவருடைய சிநேகிதர் காளிச்சாமி, ஃபியட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

நாற்பத்தொரு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். மாருதி வந்தால் டிரைவர் முன்னால், நான் பின்னால், மடியில் டிபன் கேரியர். அது என்ன வாழ்வு? முடியாது, முடியவே முடியாதுன்னு சொல்லிப்போட்டேன்.

கடைசியில் பந்தயம். பதினாறாம் தேதி திம்பம் மலை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவையும் பொங்காமல், இருமாமல் ஏறினால் வண்டி எனக்கு. இல்லையென்றால் காளிச்சாமிக்கு.

8-1-94
நஞ்சப்பா ரோட்டில் சுப்பையனின் உதிரிபாகக் கடை. புது தெர்மோஸ்டாட் வால்வு கேட்டேன். பளபளவென்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். ஒரிஜினல்தானா என்று கேட்டேன்.

"ஒரிஜினல்னே வெச்சுக்கோங்க அம்மணி."

என்ன மரியாதை, என்ன பணிவு. வாங்கிவிட்டேன். மேல்தட்டில் தூசி படிந்து இன்னொன்று கிடந்தது. பழைய சரக்கு. "அதெதுக்குங்க, டப்பாகூடக் கிழிஞ்சு போச்சு" என்று சங்கடப்பட்டார். அதையும் வாங்கினேன். கெமிஸ்ட்ரி டீச்சர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சோதனை செய்வாளா?

9-1-94, ஞாயிறு
பள்ளி லேப் தெர்மாமீட்டர் (கேட்டுத்தான் கொண்டுவந்தேன்). பால் காய்ச்சும் பாத்திரம். இரண்டு வால்விலும் 82 என்று பொறித்திருக்கிறது, திறக்க வேண்டிய டிகிரி. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். இவர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, சூப்பா?"

"வால்வு வேகுது. கைய உட்டுப்போடாதீங்க."

எண்பது. எண்பத்தொன்று. எண்பத்திரண்டில் கிழிந்த டப்பாக்காரி மெல்ல வாயைத் திறந்தாள். பளபளப்புக்காரி? எண்பத்தைந்து, தொண்ணூறு — தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அம்மணி வாயே திறக்கவில்லை. ஆறவைத்து மறுபடி செய்தேன். அப்புறம் இன்னொரு தடவை. மூன்றாம் தடவை இவரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டிகிரி படித்துச் சொன்னார். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு.

10-1-94
சுப்பையனிடம் போய், ஒரிஜினல் என்றீர்களே என்று கேட்டேன்.

"நான் சொல்லலீங்களே. வெச்சுக்கோங்கன்னுதான சொன்னேன்."

முகத்தில் துளி கள்ளம் இல்லை. வால்வைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டார். நம்மூரில் யாருக்கும் ‘இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்ல வராது, கேட்கிறவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த நான் போய் ஏமாந்தேனே. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னால் புரையேறும்வரை சிரிக்கிறார்.

ரசாக் பழைய சரக்கை மாட்டிக் கொடுத்தார். தலையில் அடித்துக்கொண்டேதான்.

14-1-94
பானை பொங்கியது. இந்த மாதம் பொங்க வேண்டியது அது ஒன்றுதான், சாமி.

16-1-94
விடியும் முன்னே காளிச்சாமி வாசலில் நிற்கிறார். "எம்பட வண்டி எப்படி மலையேறுதுன்னு நானும் பாக்கோணுமில்லீங்க." பின் சீட்டில் சட்டமாக உட்கார்ந்துகொண்டார்.

பண்ணாரியில் கும்பிட்டுவிட்டு ஏறினோம். அவர் ஒவ்வொரு வளைவாகச் சத்தமாக எண்ணுகிறார். பதினான்காவது வளைவில் முன்னால் ஒரு கரும்பு லாரி. முதல் கியரிலேயே ஊர்ந்தேன். முள் நடுவைத் தாண்டி மேலே போகிறது, போகிறது. போச்சு, எல்லாம் போச்சு. அப்படியே நின்று, மெல்ல நடுவுக்கு இறங்கியது.

"முழுசாத் தொறந்துருச்சு" என்றார் இவர், என்னைவிடப் பெரிய பெருமூச்சோடு.

இருபத்தேழு. ஒரு இருமல் இல்லை.

மேலே டீ குடிக்கும்போது காளிச்சாமி இவர் கையையே பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, இத்தன அருமையான வண்டிங்களா? எனக்கே குடுத்துப்போடுங்க."

"உங்க வண்டின்னே வெச்சுக்கோங்க" என்றார் இவர்.

பந்தயத்தில் ஜெயித்தும் வித்துப்போட்டாரே மனுசன். திரும்பிப் பார்த்தால், டீ கிளாசுக்குள் முகத்தை வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம்தான் உறைத்தது எனக்கு.

20-1-94
காளிச்சாமியிடமிருந்து போன். இவர் ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு நழுவிவிட்டார்.

"வண்டிய எப்ப வந்து எடுத்துக்கட்டுங்க அம்மணி?"

"மாசி பொறக்கட்டுமுங்க" என்றேன்.

காளிச்சாமி நிதானமாகக் கேட்டார்.

"எந்த வருசத்து மாசிங்க?"